உதுமானின் இணையாள்

காயல்பட்டினத்தில் ஆண்பிள்ளைகள் வீடு தேடுவதில்லை. அங்கே வீடு பெண்ணுக்கு. மகள் பிறந்த வீட்டிலோ, அதை ஒட்டி அவளுக்கென்று கட்டிய வீட்டிலோ கடைசிவரை இருப்பாள். மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு வந்து சேர்ந்துகொள்வார். உதுமானின் வாப்பா அப்படித்தான் வந்தார். அவருடைய வாப்பாவும் அப்படித்தான். ஆக, வீடு வாடகைக்கு இருக்கிறதா என்ற கேள்வியை அந்தப் பரம்பரையில் எவரும் வாய்விட்டுக் கேட்டதே கிடையாது. சென்னைக்கு வந்து அதைக் கேட்கப்போகிற முதல் ஆள் தான்தான் என்பதில் உதுமானுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. முதல் வாரம் மட்டும்.

பழக்கமில்லாத வேலை என்பதால் அவன் அதைத் தப்பாகச் செய்தான். அவன் ஊரில் யாரிடம் எதைக் கேட்பதாக இருந்தாலும், தான் எந்தத் தெரு, யார் மகன், என்ன பெயர் என்பதை முழுசாகச் சொல்லிவிட்டுத்தான் பேச்சைத் தொடங்க வேண்டும். அது மரியாதை. சென்னையிலும் அவன் வீட்டுக்காரர்களைப் போனில் கூப்பிட்டு, "நான் காயல்பட்டினம் செய்யது மூசா மகன் உதுமான் பேசுறேன்" என்று மரியாதையாகத் தொடங்கினான். மரியாதை முடிவதற்குள் வீடு போய்விடும்.

சிலர் இப்போதுதான் வேறு ஆள் முன்பணம் கொடுத்தார் என்றார்கள். சிலர் தங்களுக்கு ஒன்றுமில்லை, பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் ஒருமாதிரி என்றார்கள். பக்கத்து வீட்டைக் கூப்பிட்டால் அவர்கள் இவர்களைச் சொன்னார்கள். வில்லிவாக்கத்தில் ஒரு அம்மாள், "நீங்க தமிழா, முஸ்லிமா?" என்று கேட்டார். ரெண்டும் என்றான் உதுமான். கிண்டல் செய்கிறான் என்று நினைத்து அவர் போனை வைத்துவிட்டார். அயனாவரத்தில் ஒருவர் மட்டும் பொறுமையாக விசாரித்தார். எங்கிருந்து வந்தீர்கள் என்றார். காயல்பட்டினம் என்றான். அதற்கு முன்னாடி என்றார். உதுமான் ரயிலை மனசுக்குள் ஓட்டிப் பார்த்து, "அதுக்கு முன்னாடி ஆறுமுகநேரி ஸ்டேஷன் சார்" என்றான்.

உதுமான் லிஃப்ட் மெக்கானிக். நகரத்து லிஃப்ட்டுகள் எல்லாம் அப்போது பேச ஆரம்பித்திருந்தன. ஏறுகிறவரின் முகத்தைப் பார்த்துப் பெயர் சொல்லி வணக்கம் சொல்லும். வணக்கத்தில் கோளாறு வந்தால் உதுமானைக் கூப்பிடுவார்கள். அவனுக்கு வீடு இல்லை என்று சொன்ன அடுக்குமாடிகளில் பாதியில் அவன் ஏற்கெனவே மொட்டைமாடி வரை போய் வந்தவன். அந்தக் கட்டடங்களில் ஏறி இறங்கத் தடையில்லை, தங்கத்தான் வழியில்லை.

தங்கியது கம்பெனி கொடுத்த இடத்தில். ஓர் அலுவலகக் கட்டடத்தின் உச்சியில், லிஃப்ட் மோட்டார் அறையை ஒட்டிய தகரக் கொட்டகை. சாயங்காலம் அலுவலகக் கூட்டம் மொத்தமும் இறங்கிப் போன பிறகு அந்தக் கட்டடத்தில் அவன் ஒருத்தன்தான். சாப்பிட இறங்கும்போதும் ஏறும்போதும் லிஃப்ட், "வணக்கம் உதுமான்" என்று சொல்லும். சில நாட்களில் அந்த ஊரில் அவன் பெயரைச் சொன்ன ஒரே குரல் அதுவாகத்தான் இருக்கும். அதையும் அவனேதான் பழுதுபார்த்து வைத்திருந்தான்.

இத்தனைக்கும் நடுவில் ஒரு கெடு இருந்தது. ஊரில் அவன் மனைவி சுபைதா பிள்ளை உண்டாகியிருந்தாள். உம்மா வீட்டை விட்டுச் சென்னைக்கு வருகிறேன் என்று அவள் ஒத்துக்கொண்டது, அவள் தெருவில் பிள்ளை உண்டானதைவிடப் பெரிய செய்தி. ஆனால் கொட்டகைக்கு வர முடியாது. பிள்ளை பிறந்து நாற்பது நாள் கழிந்ததும் வருவாள், அதற்குள் ஜன்னல் வைத்த ஒரு வீடு வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளை அங்கேயே வேர்விட்டுவிடும். அப்புறம் நடக்கப்போவதைச் சுபைதா கோபமே இல்லாமல் போனில் சொன்னாள். "நீங்க பெருநாளைக்குப் பெருநாள் வந்து பாத்துட்டுப் போங்க மச்சான். நம்ம ஊருல அதொண்ணும் புதுசில்லையே."

புதுசில்லைதான். உதுமான் தன் வாப்பாவை அப்படிப் பார்த்து வளர்ந்தவன்தான். பெருநாள் என்றால் சின்ன வயதில் அவனுக்கு ஞாபகம் வருவது புதுச் சட்டை இல்லை, அத்தர் வாசனையோடு வந்து நிற்கும் யாரோ ஒருவர், அவரை வாப்பா என்று கூப்பிடச் சொல்லும் உம்மா.

அதனால் அவன் சமவாய்ப்பு ஆணையத்துக்குப் போனான்.

ஆணையத்தின் வீட்டுவாடகைப் பிரிவில் மரகதம் என்றொரு அதிகாரி இருந்தார். அழுகிறவர்களைப் பார்த்துப் பார்த்து முகத்தில் ஒரு நிரந்தர ஓய்வு வந்துவிட்ட அம்மாள். உதுமான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, இது மதப் பாகுபாடா இனப் பாகுபாடா என்றார். உதுமான் முழித்தான். மதத்தைப் பிடிக்காமல் மறுத்தால் வெறும் எச்சரிக்கையோடு போய்விடும் என்று அவர் விளக்கினார். உன் ரத்தமே வேறு, நீ இந்த மண்ணின் ஆளே இல்லை என்று நினைத்து மறுத்தால்தான் வீட்டைக் கொடுக்கச் சொல்லி உத்தரவு போட முடியும்.

"மனசுக்குள்ள என்ன நினைச்சாங்கன்னு எப்படி மேடம் நிரூபிக்கிறது?"

"அதுக்குத்தான் இணையாள் இருக்கு. உங்களை மாதிரியே ஒருத்தரைச் செய்வோம். போன்ல மட்டும் இருப்பார். உங்க குரல், உங்க வேலை, உங்க சம்பளம், உங்க இருமல்கூட. பேரும் மதமும் மட்டும் வேற. நீங்க ஒரு வீட்டைக் கேளுங்க. ஒரு மணி நேரம் கழிச்சு அதே வீட்டை அவர் கேட்பார். உங்களுக்கு இல்லாத வீடு அவருக்கு இருந்தா, காரணம் என்னன்னு வீட்டுக்காரரே சொன்ன மாதிரிதானே?"

"ஒரே குரல்ல ரெண்டு பேர் கூப்பிட்டா கண்டுபிடிச்சிட மாட்டாங்களா?"

"இதுவரைக்கும் ஒருத்தர்கூடக் கண்டுபிடிச்சதில்ல" என்றார் மரகதம். "பேரைக் கேட்ட பிறகு யாரும் குரலைக் கேட்கிறதில்ல தம்பி."

இணையாட்கள் உலவுவது ஊருக்கே தெரிந்த விஷயம்தான். ஆனால் தன்னிடம் பேசியவர் மட்டும் நிஜம் என்று எல்லாரும் நம்பினார்கள். தன் வீட்டுக்கு வரும் பால் மட்டும் தண்ணீர் கலக்காதது என்று நம்புவதைப் போல.

இணையாளைச் செய்ய உதுமான் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து நாள்கணக்கில் பேச வேண்டியிருந்தது. பள்ளிக்கூடம், முதல் வேலை, சுபைதாவைப் பெண் பார்த்தது, எதற்குச் சிரிப்பு வரும், எதற்குக் கோபம் வரும் என்று எல்லாவற்றையும் சொன்னான். சொல்லி முடித்தபோது, இவ்வளவு நேரம் தன்னை யாரும் இதற்குமுன் கேட்டதில்லை என்று தோன்றியது. கேட்டது ஒரு மைக். பிறகு ஆணையத்துப் பையன்கள் மாற்ற வேண்டியதை மாற்றினார்கள். பள்ளிவாசல் இருந்த இடத்தில் பிள்ளையார் கோயில் வந்தது. பெருநாள் இருந்த இடத்தில் பொங்கல் வந்தது. பிரியாணி இருந்த இடத்தில் பிரியாணியே இருந்தது. பெயர், உதயன்.

கொளத்தூரில் ஒரு வீடு விளம்பரத்துக்கு வந்தது. கீழ்த்தளம், இரண்டு அறை, நாலு ஜன்னல். மேல்தளத்தில் வீட்டுக்காரர் கஜபதி தனியாக இருந்தார். பஸ் டெப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்துவிட்டார், ஒரே மகள் கோயம்புத்தூரில். உதுமான் கூப்பிட்டான். ஊர் மரியாதைப்படி ஆரம்பித்தான். கஜபதி தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று மட்டும் சொன்னார். எதை என்று சொல்லவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து உதயன் கூப்பிட்டான்.

மறுநாள் ஆணையத்திலிருந்து அழைப்பு வந்தது. அங்கே ஒரு விதி உண்டு. இணையாள் பேசிய ஒவ்வொரு பேச்சையும் மனுதாரர் நேரில் வந்து முழுசாகக் கேட்க வேண்டும். தான் பேசியிருக்கக்கூடியதைத்தான் அவர் பேசினார், கூடுதலாகச் சர்க்கரை தடவவில்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். அப்போதுதான் அது சாட்சியாக நிற்கும். உதுமான் ஹெட்போனை மாட்டிக்கொண்டான்.

தன் குரலில் ஒருவன் வணக்கம் சார் என்றான். லிஃப்ட் மெக்கானிக் என்றான். வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி என்றான். மறுபக்கத்தில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. கஜபதி உட்காருகிறார். தன்னிடம் பேசும்போது அவர் உட்காரவில்லை என்பது உதுமானுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"இன்னா மாசம்பா? அஞ்சா? அப்ப வெயிட்டு தூக்க வுடாத. எங்க வூட்டுக்காரி அஞ்சாம் மாசம் கொடத்த தூக்கிட்டு, நான் டெப்போலேருந்து ஓடியாந்தேன். வீடு உனுக்குதான், போ. எப்ப வேணா வா."

ஓசூரில் ஒரு வேலை பாக்கி, முடித்துவிட்டு வருகிறேன் என்று உதயன் இழுத்தான். இணையாள் குடிவர முடியாது, இழுத்தடிக்கத்தான் முடியும். அதற்கென்ன, வீடு எங்கேயும் ஓடாது என்றார் கஜபதி. உதுமான் கையெழுத்துப் போட்டான். தானாக இருந்தால் இதைத்தான் பேசியிருப்பான். ஒரு வார்த்தை கூடுதல் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. உதயன் கொஞ்சம் கெட்டிக்காரனாக, கொஞ்சம் பொய்யனாக இருந்திருந்தால் மனசு ஆறியிருக்கும்.

வழக்கு வரிசையில் நின்றது. தீர்ப்பு வரும்வரை இணையாளை அணைக்கக் கூடாது. வீட்டுக்காரர் கூப்பிட்டால் எடுக்க வேண்டும். கஜபதி கூப்பிட்டார். முதலில் மோட்டார் ரிப்பேர், தண்ணீர் நேரம் என்று காரணம் இருந்தது. பிறகு காரணம் இல்லாமல் கூப்பிட்டார். மூட்டு வலியைச் சொன்னார். எந்தத் தடத்து பஸ் எந்த நிறுத்தத்தில் எவ்வளவு நேரம் தாமதிக்கும் என்று பழைய கணக்கைச் சொன்னார். மகள் போன் பண்ணவில்லை என்பதைச் சொல்லாமல், அவளுக்கு வேலை அதிகம் என்று அடிக்கடி சொன்னார். உதயன் உதுமானைப் போலவே, ம்ம் கொட்டிக் கேட்டான்.

ஒவ்வொன்றையும் உதுமான் போய்க் கேட்டுக் கையெழுத்துப் போட்டான். முதலில் கடமைக்குப் போனான். பிறகு வேலை முடிந்ததும் கால் தானாக அங்கே போனது. கையெழுத்துப் போட்டு முடித்த பேச்சையே திரும்பக் கேட்கலாமா என்று ஒருநாள் மரகதத்திடம் கேட்டான். அவர் ஹெட்போனை அவன் பக்கம் தள்ளிவைத்தார். இப்படிக் கேட்ட முதல் ஆள் இவன் இல்லை போலிருக்கிறது.

வீட்டு நிலவரத்தை உதுமான் அவ்வப்போது ஆணையத்தில் சொல்ல வேண்டும், உதயன் அதையே தன் வீட்டுச் செய்தியாகச் சொல்வான். அப்படிச் சுபைதாவுக்குக் கால் வீங்கியதைத் தெரிந்துகொண்ட கஜபதி, பார்லித் தண்ணீர் கொடு என்றார். உதுமான் கொட்டகைக்குப் போய் சுபைதாவைக் கூப்பிட்டுப் பார்லித் தண்ணீர் குடிக்கச் சொன்னான். இரண்டு நாளில் வீக்கம் வற்றியது. யார் சொன்னது என்று கேட்டாள். வீட்டுக்காரர் என்றான். எந்த வீட்டுக்காரர் என்றாள்.

அந்த வாரத்துப் பேச்சில்தான் அது வந்தது. வாடகை பற்றிப் பேச்சு எடுத்த கஜபதி, போகிறபோக்கில் சொன்னார். "உனுக்கு மின்னாடி ஒரு பாய் கேட்டாம்பா. ஆளு மோசம்னு சொல்ல மாட்டேன். ஆனா அவுங்க வேற. சாமி வேறன்னா பரவால்ல, யார் வேணா எத வேணா கும்புட்டுப் போலாம். ரத்தமே வேற இல்ல? ஒரே கூரைல எப்டி ஒட்டும், சொல்லு."

இணையாள் வாதாடக் கூடாது என்பது விதி. உதயன் ம்ம் என்றான்.

உதுமான் அந்த இடத்தை மட்டும் திரும்ப ஓட்டிக் கேட்டான். அது அவனுடைய ம்ம்தான். வீடு இல்லை என்று சொன்ன ஒவ்வொருவரிடமும் அவன் சொன்ன அதே ம்ம். கையெழுத்துப் போட்டான்.

மரகதம் மகிழ்ச்சி அடைந்தார். அவர் முகத்தில் அது ஒரு புருவத்தின் வேலை. ரத்தம் என்ற சொல்லை எதிர்மனுதாரரே சொல்லிவிட்டார், இனி வழக்கு நம் பக்கம் என்றார். உதுமான் எழுந்துபோகாமல் உட்கார்ந்திருந்தான். வாபஸ் வாங்க முடியுமா என்று கேட்டான்.

"ஏன்?"

"அவர் நல்லவர் மேடம்."

"நல்லவர்தான். எனக்கு வர்ற வீட்டுக்காரங்க முக்கால்வாசிப் பேர் நல்லவங்கதான். கெட்டவங்கன்னா வேலை சுலபமா இருக்கும்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தம்பி, அவர் உங்ககிட்ட நல்லவரா இல்ல. உதயன்கிட்ட நல்லவரா இருக்கார். உதயனுக்குப் பொண்டாட்டி வர வேண்டியதில்ல. உங்களுக்கு வரணும்."

அடுத்த வாரம் பெண் குழந்தை பிறந்தது. உதுமான் ஊருக்குப் போய்ப் பார்த்தான். கையில் வாங்கிக் காதில் பாங்கு சொன்னபோது குழந்தை கண்ணைத் திறந்து, யாரோ வந்திருக்கிறார் என்பதைப் போல ஒரு பார்வை பார்த்தது. அவன் வாபஸ் வாங்கவில்லை.

திரும்பி வந்ததும் கேட்க வேண்டிய பேச்சு ஒன்று காத்திருந்தது. உதயன் பெண் பிறந்த செய்தியைச் சொன்னான். கஜபதி சிரித்த சிரிப்பில் ஹெட்போன் கரகரத்தது. மேல்வீட்டிலிருந்து யாருக்கோ கேட்கும்படி, யாருமே இல்லாத வீட்டில், "பொண்ணாம், பொண்ணு" என்று கத்தினார். உதுமானிடம் வேலை செய்யும் இடத்தில் யாரும் கேட்கவில்லை; அவனும் சொல்லவில்லை. சென்னையில் அவன் மகள் பிறந்ததற்காகச் சந்தோஷப்பட்ட ஒரே ஆளுக்கு, அவனைத் தெரியாது.

விசாரணை சுருக்கமாக முடிந்தது. உதுமான் போக வேண்டியதில்லை. இணையாள் யார் என்று எதிர்மனுதாரரிடம் சொல்வதும் இல்லை. வாடகை விளம்பரத்துக்கு வரும் அழைப்புகள் பதிவாகும் என்பது விளம்பரத்தின் அடியிலேயே பொடி எழுத்தில் இருந்தது. மறுத்த ஒரு மணி நேரத்தில் வேறொருவருக்குக் கொடுப்பதாகச் சொன்னீர்கள், இன்ன காரணமும் சொன்னீர்கள் என்று காட்டினார்கள். கஜபதி மறுக்கவில்லை. உதயனை இதில் இழுக்க வேண்டாம், அந்தப் பையனுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது என்று மட்டும் கேட்டுக்கொண்டாராம். பதினோரு மாத ஒப்பந்தத்துக்கு வீட்டை உதுமானுக்குக் கொடுக்கும்படி உத்தரவு.

சாவியோடு மரகதம் ஒரு சிம்கார்டையும் கொடுத்தார். உதயனை அன்று காலை அழித்துவிட்டார்கள். ஆனால் நம்பர் உதுமானின் அடையாளத்தில் வாங்கியது, அவன்தான் ரத்து செய்துகொள்ள வேண்டும்; ஆணையம் செய்ய விதி இல்லை.

"அழிச்சது அவனுக்குத் தெரியுமா மேடம்?"

"யாருக்கு?" என்றார் மரகதம்.

உதுமான் சிம்மை ரத்து செய்யப் போனான். வரிசை பெரிதாக இருந்தது. திரும்பி வந்து அதைத் தன் போனிலேயே போட்டு வைத்தான், தொலைந்துபோகாமல் இருக்க.

நாற்பது கழிந்து சுபைதா வந்தாள். நாலு ஜன்னலையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். பரவாயில்லை என்றாள். அவள் ஊர்ப் பெண்கள் வீட்டைப் பற்றிச் சொல்லக்கூடிய அதிகபட்சப் பாராட்டு அதுதான். குழந்தைக்கு உதுமானின் முகம் ஒரே வாரத்தில் பழகிவிட்டது. வேலை முடிந்து வந்தால் காலை உதைத்துக்கொண்டு சிரிக்கும். கேட்டது கிடைத்தது. அது பொய் இல்லை.

ஆனால் மேல்வீட்டிலிருந்து ஒரு வார்த்தை இறங்கி வரவில்லை. கஜபதி சண்டை போடவில்லை. தண்ணீரை அடைக்கவில்லை. மாடிப்படியில் எதிர்ப்பட்டால் சுவரோடு ஒதுங்கி வழிவிட்டார், உத்தரவு போகிறது என்பதைப் போல. உதுமான் ஒருமுறை, மோட்டார் போடட்டுமா சார் என்று கேட்டான். அவர் தலையை மட்டும் ஆட்டினார். உதயனின் குரல்தான் அது. அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. தெருவும் அப்படியே. பக்கத்து வீட்டுப் பெண்மணி சுபைதாவின் குழந்தையைப் பார்த்துக் கொஞ்சக் கை நீட்டுவார், பிறகு கையைப் பார்த்துவிட்டு மடக்கிக்கொள்வார். கொட்டகையில் லிஃப்ட்டாவது பெயர் சொல்லிக் கூப்பிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உதயனின் நம்பர் அடித்தது.

உதுமான் அது அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்தான். மறுபடி அடித்தது. தப்பான நம்பர் என்று சொல்லத்தான் எடுத்தான்.

"எங்கபா பூட்ட?" என்றது குரல். நாற்காலி இழுபடும் சத்தம் போனிலும் கேட்டது, தலைக்கு மேல் கூரையிலும் கேட்டது. "எவ்ளோ தபா அடிக்கிறேன். கோவமா? வாக்கு குடுத்துட்டு வீட்ட மாத்திக் குடுத்துட்டான்னு கோவமா?"

"இல்ல சார்" என்றான் உதுமான். "வேலை சார்."

கஜபதி மன்னிப்புக் கேட்டார். சட்டத்தைக் காட்டி வேறு ஆளைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள், என் வீட்டில் எனக்கு அதிகாரம் இல்லை என்று நொந்துகொண்டார். உதுமான், தான் அந்த வீட்டில் குடியிருப்பதற்காக அவருக்கு ஆறுதல் சொன்னான். வருத்தப்படாதீங்க சார், எனக்கு வேற இடம் கிடைச்சிடுச்சு என்றான். பொண்ணு எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். கவிழ்ந்து படுக்கிறாள் என்றான். அப்போது கஜபதி சிரித்தார். அதைக் கேட்கத்தான் மறுநாளும் போனை எடுத்தான்.

சுபைதா இரண்டு வாரம் பொறுத்துவிட்டு, தினமும் யாரிடம் பேசுகிறீர்கள் என்று கேட்டாள். பொய் சொல்ல வராமல், மேல்வீட்டுக்காரர் என்றான்.

"நம்ம மேல்வீட்டுக்காரரா? உங்ககிட்ட பேசுவாரா அவர்?"

"என்கிட்ட இல்ல."

முழுக் கதையையும் கேட்டுவிட்டு அவள் முதலில் சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நடுவழியில் நின்றுவிட்டது. நேராக மேலே போய்ச் சொல்லிவிட வேண்டியதுதானே என்றாள். சொன்னால் உதயன் போய்விடுவான் என்றான் உதுமான். "அவன் போனா உங்களுக்கென்ன மச்சான்?" என்றாள். அவன் குழந்தையின் காலுறையை எடுத்து மடித்தான்.

உதயனாக இருந்து உதுமானுக்கு நல்லது செய்யலாம் என்று பிறகு அவனுக்குப் பட்டது. கஜபதி கீழ்வீட்டைப் பற்றிக் குறை சொன்னால் பிடித்துக்கொண்டான். சத்தமே இல்லைபா அந்த வீட்டில் என்றார். சத்தம் போட்டா உங்களுக்குப் பிடிக்குமா சார் என்று கேட்டான். பிடிக்காது, ஆனால் சத்தம் இல்லாவிட்டால் என்ன செய்கிறார்கள் என்று எப்படித் தெரியும் என்றார். அன்றிலிருந்து உதுமான் வீட்டில் பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாக வைத்தான். ஒருநாள், அவர்கள் வீட்டிலும் கைக்குழந்தை இருக்கிறது, உன் பொண்ணு வயசுதான் இருக்கும் என்றார். குரல் கொஞ்சம் இளகியிருந்தது. ராத்திரி அழுதால் கேட்கும், என்னமோ அதற்கு வயிற்று உப்புசம், ஓமத்தண்ணி குடுத்தா போச்சு, யார் சொல்வது அவர்களுக்கு என்றார்.

"நீங்கதான் சொல்லணும் சார்" என்றான் உதுமான். "போய்ப் பேசிப் பாருங்க."

"இன்னான்னு பேசறது? நீ எப்பனா பேசிக்கீறியா அவுங்க ஆளுங்ககிட்ட?"

"பேசியிருக்கேன் சார். நம்மள மாதிரிதான்."

பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு கஜபதி போனை வைத்தார்.

மறுநாள் சாயங்காலம் மாடிப்படியில் காலடி கேட்டது. மூட்டு வலிக்காரரின் காலடி, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலும் சேர்ந்து நின்று இறங்கும். வழக்கமாக வாசல்பக்கம் போகிற காலடி அன்று இவர்கள் கதவுக்கு வெளியே வந்து நின்றது. உதுமான் எழுந்து நின்றான். சட்டைப் பித்தானைப் போட்டான். சுபைதா தோளில் குழந்தையோடு முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, அவனைப் பார்த்துத் தலையசைத்தாள். அழைப்புமணி அடிக்கப்போகிறது என்று இருவரும் நின்றார்கள்.

மணி அடிக்கவில்லை. கதவைத் தட்டுவதற்குமுன் தைரியத்துக்கு ஒருவரைக் கூப்பிடுகிற பழக்கம் கஜபதிக்கு இருந்திருக்க வேண்டும். உதுமானின் சட்டைப்பையில் போன் அடித்தது.

அவன் பதறிப்போய் எடுப்பதற்குள் அது இரண்டுமுறை முழுசாக அடித்துவிட்டது. மெல்லிய பலகைக் கதவு. வெளியே அழைப்பு நின்றது; உள்ளேயும் நின்றது. பிறகு வெளியே மறுபடி ஒரு விரல் எங்கோ அழுத்தியது. உள்ளே மறுபடி அடித்தது. சோதித்துப் பார்க்கிறார்.

"கதவைத் தொறங்க மச்சான்" என்றாள் சுபைதா, காற்றாக.

உதுமான் தாழ்ப்பாளில் கை வைத்தான். தாழ்ப்பாள் ஒன்றும் கனமில்லை. வெளியே மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. அதை அவன் எத்தனையோ முறை ஹெட்போனில் கேட்டிருக்கிறான், இப்போது ஒரு பலகை தூரத்தில். அவர் ஒரு வார்த்தை சொன்னால் திறந்துவிடலாம் என்று நின்றான். அவரும் அப்படித்தான் நின்றிருக்க வேண்டும். பிறகு காலடி திரும்பியது. ஒவ்வொரு படியாக, இரண்டு காலும் சேர்ந்து சேர்ந்து, மேலே போனது.

நாற்காலி இழுபடவில்லை. நின்றுகொண்டே போனில் கூப்பிட்டார். உதுமான் எடுத்தான்.

"உதயா" என்றார். பிறகு, சாதாரணமாகப் பேசுவதுபோல் தொடர்ந்தார். "கீழ் வூட்டுக்காரங்ககிட்ட ஒரு வார்த்த பேசலாம்னு போனேம்பா. ஆள் இல்ல போலருக்கு."

உதுமான் சுபைதாவைப் பார்த்தான். அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு ஜன்னலும் திறந்திருந்தன, விளக்கு எரிந்தது.

"ஆமா சார்" என்றான். "வெளிய போயிருப்பாங்க."

"அதான். அப்டித்தான் இருக்கும்." கஜபதி தொண்டையைச் செருமினார். "சரி, நீ சாப்ட்டியா?"

சாப்பிட்டேன் சார், நீங்க, என்று உதுமான் கேட்டுக்கொண்டிருக்கும்போதே சுபைதா ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினாள். குழந்தைக்கு முகம் கோணத் தொடங்கியிருந்தது. அவள் அதைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவையும் சாத்திக்கொண்டாள். வெளியே போனவர்கள் வீட்டில் குழந்தை அழக் கூடாது.